வியாழக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் தடகளப் பயிற்சி மைய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். தசைவலி தீர எல்லாப் பிள்ளைகளும் புரோபயாடிக் டின்னை, அதாவது நன்மை தரும் உயிருள்ள பாக்டீரியா கலந்த பவுடரை, கட்டாயம் வாங்கிக் குடிக்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் அறிவிப்பு எல்லாப் பெற்றோரிடமும் இருக்கிறது. முந்தாநாள் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். டின் தீர்ந்துபோய்ப் புதிது வாங்காத ஆறு பிள்ளைகளை மாலைப் பயிற்சிக்கு விடாமல் கேலரிப் படியில் உட்கார வைத்தீர்கள். அதில் ஒருத்தி என் மகள். பதினைந்து வயது, 400 மீட்டர் தடை ஓட்டம். டின்னைக் கட்டாயமாக்காதீர்கள், எடுத்துவிட்ட வியாழக்கிழமை ஓய்வைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இருபது வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவன் நான். புரோபயாடிக் எனக்குப் புதிய சரக்கு இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயிறு போனால் டாக்டர் எழுதித் தருவதைத் தினமும் எடுத்துக் கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் உங்கள் டின்னையும் திருப்பிப் பார்த்தேன். 'லாக்டோபேசில்லஸ் கலவை' என்று ஒரு பாக்டீரியா குடும்பத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. எந்த இனம், எந்த ரகம் என்று இல்லை. ஒரு நாள் அளவில் எத்தனை உயிருள்ள பாக்டீரியா என்றும் இல்லை. நம் நாட்டு விதிப்படி குறைந்தது பத்துக் கோடி இருக்க வேண்டும். இருந்தாலும் உயிரோடு இருக்குமா? லாக்டோபேசில்லஸ் பொதுவாகச் சூடு தாங்காது. நீங்கள் அடுக்கி வைத்திருப்பதோ தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூமில். அங்கே என்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை.

ஆராய்ச்சியே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகத்தைக் கேசின் என்ற பால் புரதத்தோடு இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சிப் பழக்கம் உள்ள 29 ஆண்கள். கடுமையான ஒற்றைக்கால் பயிற்சிக்குப் பிறகு, வெறும் கேசின் குடித்தபோது இருந்ததைவிட வலி குறைவு என்றார்கள். சரி, நல்லது. அந்தப் பாக்டீரியா தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொண்டு சூட்டைத் தாங்கும். உங்கள் டின்னில் அது இல்லையே! ஒரு ரகத்துக்குக் கிடைத்த பலனை இன்னொன்றின் கணக்கில் வரவு வைக்க முடியாது என்றுதான் சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கமும் 2019இல் சொன்னது.

டின் விலை 2,350 ரூபாய். அதைக்கூட விடுங்கள்.

போன ஞாயிறு விடுதிக்கு வந்திருந்தேன். மாடிப்படியில் மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். தொடை இரண்டும் பிடித்திருக்கிறது. கோச்சிடம் சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னா, பவுடர ஒழுங்கா குடிக்கலையான்னு கேப்பாங்கப்பா" என்றாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவளும் அறையில் இருக்கும் இன்னொரு பிள்ளையும் ஒரே டின்னைப் பங்கு போட்டு ஆளுக்கு அரைக் கரண்டி கலக்கிக் குடித்திருக்கிறார்கள். அது தெரிந்துவிடக் கூடாதே என்று வலியை மறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். "பாதி போட்டா பாதி வலியாவது போகுமாப்பா?" என்று கேட்டாள். கவுன்டரில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவனுக்கு அன்று வாய் வரவில்லை.

தடை தாண்டிக் கால் ஊன்றும்போது, தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. அதில்தான் நுண்ணிய காயம் உண்டாகிறது. வலி மறுநாள் ஏறி, மூன்றாம் நாள்வரைகூட நிற்கும். உங்கள் அறிவிப்பில் சொல்வதுபோல் அது 'தேங்கிய லாக்டிக் அமிலம்' இல்லை. அந்த அமிலம் உடம்பில் இருக்கும் வடிவமான லாக்டேட், ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். காயம் ஆற வேண்டியது தூக்கத்திலும் சாப்பாட்டிலும் ஓய்விலும். டின் வருவதற்கு முன் வியாழக்கிழமை ஓய்வு நாளாக இருந்தது. 'இனி ரெகவரி வேகமாகும்' என்று அதை எடுத்துவிட்டீர்கள். இரவுச் சாப்பாட்டில் முட்டையும் தயிரும் அதே வாரம் காணாமல் போயின. தயிரிலும் லாக்டோபேசில்லஸ் உண்டு ஐயா. அதனால் தசைவலி தீரும் என்று நான் அளக்க மாட்டேன். புரதமாவது கிடைத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று. இந்தப் பிள்ளைகள் நாளைக்குத் தேசியப் போட்டிக்குப் போகிறவர்கள். ஊக்கமருந்துப் பரிசோதனையில் ஏதாவது சிக்கினால், உடம்பில் இருந்ததற்கு ஓடியவளே பொறுப்பு என்பதுதான் விதி. இந்த டின்னுக்குப் பரிசோதனைச் சான்று கேட்டேன். ஆபீஸில் விலைப்பட்டியலைக் காட்டினார்கள்.

ஷூ உங்கள் மையத்தில்தான் வாங்க வேண்டும், டிராக் சூட் அங்கேதான், இப்போது பாக்டீரியாவும் அங்கேதான். மைதானத்துக் குடிநீர்க் குழாயில் மூன்று மாதமாகத் தண்ணீர் வரவில்லை. அதற்கு மட்டும் ஓர் அறிவிப்பும் வந்ததில்லை. ஒருவேளை தண்ணீர் டின்னில் வருவதற்காகக் காத்திருக்கிறோமோ என்னவோ.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோச்சுகள் விடியற்காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில்தான் பிள்ளையை விட்டிருக்கிறேன். தயவுசெய்து டின்னை விருப்பப்பட்டவர்கள் மட்டும் வாங்கட்டும். முட்டையையும் தயிரையும் தட்டில் திரும்ப வையுங்கள். வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், எத்தனை கரண்டி குடித்தாய் என்று கேட்காமல் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். வரும் வியாழன் பயிற்சி கிடையாது என்று அதே வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும், அன்று காலை நானே வந்து மகளை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தூங்கவைத்து மாலையில் கொண்டுவந்து விடுகிறேன்.

இப்படிக்கு,
கேலரிப் படியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் அப்பா