ஜூன் 10 அன்று 6,148 பேர் இறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்தைத் திரும்பிப் பார்க்கும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். ஆக்சிஜன் படுக்கைக்காக மக்கள் அலைந்ததை எழுதிய பகுதி மனதைப் பிசைந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் உள்ள பெட்டிச் செய்தியில், இந்தியாவில் ஒரே நாளில் அதிகம் பேர் கொரோனாவால் இறந்தது 2021 ஜூன் 10 அன்று, மொத்தம் 6,148 பேர் என்று போட்டிருக்கிறீர்கள். அது சரியல்ல. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அன்று காலை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட எண் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய நாள் பீகார் அரசு, தன் பட்டியலில் விடுபட்டிருந்த 3,951 மரணங்களை மொத்தமாகச் சேர்த்தது. பாட்னா உயர் நீதிமன்றம் கிடுக்கிப்பிடி போட்ட பிறகு, மாவட்டவாரியாகக் கணக்கைத் தோண்டியதில் வெளிவந்தவை அவை. 5,500-க்குக் கீழே இருந்த பீகாரின் மொத்த எண்ணிக்கை ஒரே நாளில் 9,400-ஐத் தாண்டிவிட்டது. அந்த மனிதர்கள் அதற்கு வெகு முன்பே இறந்து, காரியம் முடிந்து, வீடுகளில் படம் மாட்டியாகிவிட்டது. அவர்களைக் கழித்தால் அன்றைய எண் ஏறத்தாழ 2,200. ஜூன் இரண்டாம் வாரத்தில் இரண்டாம் அலை இறங்கிக்கொண்டிருந்தது. உங்கள் பெட்டிச் செய்தியை மட்டும் படிக்கும் இன்றைய கல்லூரி மாணவர் அது உச்சத்தில் இருந்தது என்றல்லவா நினைப்பார்?

நான் பேரூராட்சி ஒன்றில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறப்பு இறப்புப் பதிவேடு என் கையில்தான் இருந்தது. ஒரு மரணம் நடக்கும் தேதிக்கும் அது கணக்கில் ஏறும் தேதிக்கும் உள்ள இடைவெளி எங்களுக்குப் புதிதல்ல. சட்டமே பதிவு செய்ய 21 நாள் தருகிறது. அதுவும் இறந்த இடத்தில்தான் பதிவு. திண்டிவனத்துக்காரர் சென்னை மருத்துவமனையில் இறந்தால் பதிவு சென்னையில் ஏறும். சாதாரண நாளிலேயே இப்படி என்றால், சுடுகாட்டில் டோக்கன் கொடுத்த நாட்களில் எப்படி இருந்திருக்கும்!

நம் மாநிலத்திலும் இது நடந்தது. 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசு, சென்னையில் அதுவரை கணக்கில் வராத 444 மரணங்களைச் சேர்த்தது. மார்ச் முதல் ஜூன் 10 வரை இறந்தவர்கள் அவர்கள். மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்தவர்கள், மாநிலப் பட்டியலுக்கு வந்து சேரவில்லை. அதற்கு முந்தைய மாதம் மகாராஷ்டிரம் இதே போல 1,328 மரணங்களைச் சேர்த்தது. பட்டியலைத் திருத்தியது நல்ல காரியம், அதைக் குறை சொல்லவில்லை. திருத்திய எண்ணிக்கையைத் திருத்திய நாளின் தலையில் போட்டதுதான் பிழை.

இத்தனைக்கும் தமிழக அரசு தினமும் மாலையில் வெளியிட்ட அறிக்கையில் விவரம் இருந்தது. முதல் அலையில் அதன் பின்பக்கங்களில் ஒவ்வொரு மரணத்துக்கும் தனி வரி இருக்கும். வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், எந்த மருத்துவமனை, என்ன தொந்தரவோடு என்றைக்குச் சேர்ந்தார், எந்தத் தேதியில் இறந்தார், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்ததா என்று எல்லாமே. பெயர் மட்டும் இருக்காது. அந்த வரிகளைப் படித்தால் இன்று அறிவித்த மரணங்களில் பல, சில நாட்களுக்கு முன்பே நிகழ்ந்தவை என்று தெரிந்துவிடும். தொலைக்காட்சியோ முதல் பக்கத்தின் மொத்த எண்ணை மட்டும் எடுத்துச் சிவப்புப் பட்டையில் ஓட்டியது. பத்திரிகைகளும் அதையே செய்தன.

தொற்று எண்ணிக்கையிலும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை குறையும், அதனால் அடுத்த நாள் எண்ணிக்கை இறங்கும். உடனே 'குறையத் தொடங்கியது கொரோனா' என்று தலைப்பு வரும். இரண்டு நாளில் மறுபடி ஏறும். ஏழு நாள் சராசரி போட்டிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. எத்தனை பேரைச் சோதித்ததில் எத்தனை பேருக்குத் தொற்று என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். 2021 மே 7 அன்று அறிவித்த 4,14,188 என்ற உச்ச எண், சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் தொற்று இருந்த நாட்களில் வந்தது. சோதனைக்கே வர முடியாதவர்கள் அந்த எண்ணுக்கு வெளியே இருந்தார்கள்.

எண்ணில் இல்லாதவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஐம்பதாயிரம் ரூபாய் நஷ்டம். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு அந்தத் தொகை அறிவிக்கப்பட்டதும், எங்கள் அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். கணவர் தனியார் மருத்துவமனை ஒன்றில் இறந்தவர். அவர்கள் கொடுத்த தாளில் நிமோனியா என்று மட்டும் இருந்தது. "எங்க வீட்டுக்காரரு கொரோனாவுலதான் போனாருன்னு ஊருக்கே தெரியும் சார், தாள்ல மட்டும் இல்லையே" என்றார். மகனின் போனில் ஆர்டி-பிசிஆர் என்ற கொரோனா பரிசோதனையின் முடிவு வந்த குறுஞ்செய்தி அழியாமல் இருந்தது. சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்பதற்காக மட்டும் பணத்தை மறுக்கக் கூடாது என்றும், தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தால் கணக்கில் சேரும் என்றும் விதி வந்திருந்ததால் அவருக்கு வழி பிறந்தது. குறுஞ்செய்தி இல்லாதவர்களும் வந்தார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், பெட்டிச் செய்தியில் இன்னொன்றும் வந்திருக்க வேண்டும். 2021-க்கான பதிவு விவரங்களை மத்திய அரசு 2025 மே மாதம்தான் வெளியிட்டது. அந்த ஆண்டு நாட்டில் பதிவான மரணங்கள் சுமார் 1 கோடியே 2 லட்சம். முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 21 லட்சம் அதிகம். அதே ஆண்டில் அதிகாரபூர்வ கொரோனா மரணங்கள் 3.3 லட்சம் அளவில்தான். கூடுதலான எல்லாமே கொரோனா என்று சொல்ல மாட்டேன், பதிவு செய்யும் பழக்கமும் கூடியிருக்கிறது. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைச் சொல்லாமல் தினசரி எண்களை மட்டும் போட்டு அந்த ஆண்டை எழுத முடியாது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து இந்தியாவில் வழக்கமாக எதிர்பார்ப்பதைவிட 47 லட்சம் மரணங்கள் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் மதிப்பிட்டதையும், அந்தக் கணக்கு முறையை நம் அரசு ஏற்க மறுத்ததையும் வாசகருக்குச் சொல்லியிருக்கலாம்.

கோவிட்19இந்தியா தளத்தை நடத்திய தன்னார்வலர்களை நீங்கள் ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்க வேண்டும். மாநில அறிக்கைகளை நாள்தோறும் திரட்டி, மாவட்டவாரியாக யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி கொடுத்தார்கள். 2021 அக்டோபர் 31-ஓடு நிறுத்திக்கொண்டார்கள். அரசு செய்ய வேண்டிய வேலை அது.

இணையப் பதிப்பில் அந்தப் பெட்டிச் செய்தியைத் திருத்துங்கள். 6,148 என்ற எண்ணை எடுக்க வேண்டாம், பக்கத்தில் பீகாரின் 3,951 பற்றி ஒரு வரி சேருங்கள், போதும். மழைக்காலம் வந்தால் டெங்கு எண்ணிக்கை தினமும் உங்கள் பக்கங்களில் வரும். அப்போது எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பதையும், இறந்தவர் எந்தத் தேதியில் இறந்தார் என்பதையும் நிருபர்கள் கேட்டு வாங்கிப் போடட்டும். கேட்டால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
விழுப்புரம் மாவட்டம்