பணம் எந்தப் பிரிவுக்கு வந்தது?

ஹட்டன்
2026 ஜனவரி

அன்புள்ள வாணி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் போன நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயல் தேயிலைத் தோட்டங்களை உலுக்கிவிட்டது. மண்சரிவு அபாயம் என்று லயத்து வரிசை வீடுகளை விட்டு இறங்கிய தொழிலாளர் சனம் சில இடங்களில் இன்னும் திரும்பிப் போகவில்லை. சொந்தக்காரர் வீட்டில் எத்தனை நாளைக்குத்தான் இருப்பது?

உங்கள் சங்கம் சேர்த்த பணத்தை யாரிடம் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். சுனாமிக்குப் பிறகு திருகோணமலையில் உதவிக் கணக்கோடு மல்லுக்கட்டியவள் நீ, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அந்தக் காலத்தில் யார், எந்தத் துறைக்கு, எவ்வளவு என்று பதிய ஒரு தரவுத்தளமே இருந்தது. இருந்தும் பணம் கொடுத்த நாடு ஒரு தொகையை எழுதும், அதை வாங்கிய ஐ.நா. அமைப்பு அதையே எழுதும், அந்த அமைப்பிடம் வாங்கி வேலை செய்த தொண்டு நிறுவனமும் எழுதும். ஒரே காசு மூன்று தடவை கணக்கில் ஏறும். நீ எத்தனை இரவு அதைப் பிரித்தெடுத்திருப்பாய்!

இப்போதும் கொழும்பில் கணக்கு இல்லாமல் இல்லை. எந்த நாட்டோடு ஒப்பந்தம், எவ்வளவு கடன், எவ்வளவு நன்கொடை, இதுவரை எவ்வளவு கையில் வந்தது எல்லாவற்றையும் வெளிநாட்டு வளத் திணைக்களம் பதிந்து வைக்கிறது. என் குறை என்னவென்றால், அந்தக் கணக்கு கீழே இறங்க இறங்க மங்கிப்போகிறது. 'நுவரெலியா மாவட்டம்' என்பதோடு நின்றுவிடும். ஒரு கிராம சேவகர் பிரிவுக்குள் இரண்டு மூன்று தோட்டம் இருக்கும். ஒவ்வொரு தோட்டத்திலும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, நடுப்பிரிவு. பணம் எந்தப் பிரிவுக்குப் போனது என்று எழுதாவிட்டால் அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று யார் சொல்வது?

இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1987 பிரதேச சபைச் சட்டத்தின்படி சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க வழியில்லாமல் இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதுவரை ரோடு, தண்ணீர், வீடு எல்லாம் கம்பெனி, அமைச்சு, தொண்டு நிறுவனம் என்று ஆளுக்கொரு பக்கம். முழுக் கணக்கும் ஒரு கையில் இருந்ததே இல்லை.

போன வருடம் ஒரு கீழ்ப்பிரிவுக்குப் போயிருந்தேன். தேயிலை மலைக்கு மேலே ஒரு தண்ணீர்த் தாங்கி. சுவரில் ஒரு நிறுவனத்தின் பெயர், அதற்கு அடியில் சுண்ணாம்பு பூசி மறைத்த இன்னொரு பெயர். நான் வேலை செய்யும் பிரதேச செயலகத்துக்கு வந்து பைல்களைப் பார்த்தால் இரண்டு திட்டம், இரண்டும் 'நிறைவுற்றது'. படம் மட்டும் வேறு வேறு பக்கத்தில் நின்று எடுத்தது. தாங்கியில் இருந்து லயத்துக்குப் போகும் பைப் பாதியில் உடைந்து கிடக்கிறது. பெண்கள் ஊற்றில் ஹோஸ் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதி முடியாது, வாணி.

நல்லதும் பார்த்திருக்கிறேன். இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டிய ஓர் அக்கா தன் பைலைக் கொண்டுவந்து காட்டினார். 7 பேர்ச் காணிக் கடிதம், வங்கிப் புத்தகம், அத்திவாரத்தின் படம், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கையெழுத்து. அத்திவாரம் முடிந்தால் ஒரு தொகை, சுவர் எழும்பினால் அடுத்தது, கூரைக்கு இன்னொன்று என்று அவர் கணக்குக்கே பணம் வந்திருக்கிறது. எந்தத் தவணை பிந்தியது என்று தேதியோடு சொல்கிறார். கொழும்பில் இருக்கும் எந்த அதிகாரியையும் விட அவருக்குத் தன் வீட்டுக் கணக்குத் தெரியும்.

ஆனால் அதே திட்டத்தின் அடுத்த பங்கைப் பார். 10,000 வீடு என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி அறிவித்தார். அதில் முதல் 1,300 வீட்டுக்கு வேலை தொடங்கியது 2024 பெப்ரவரியில். நடுவில் 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்து, கம்பி விலை எங்கேயோ போய்விட்டது. அறிவித்ததையும் கைக்கு வந்ததையும் தனித்தனியாக எழுதாத கணக்கில் அந்த 10,000 வீடும் எப்போதோ கட்டியாகிவிட்ட மாதிரித்தான் தெரியும்.

புயலுக்குப் பிறகு டிசம்பரில் இந்தியா அறிவித்த 450 மில்லியன் டொலரும் அப்படித்தான். லயத்தில் எல்லாரும் அதை இனாம் என்றே பேசிக்கொள்கிறார்கள். அதில் 100 மில்லியன்தான் நன்கொடை, 350 மில்லியன் சலுகைக் கடன். திருப்பிக் கட்டப் போகிறவர்களில் கொழுந்து பறிக்கிறவர்களும் உண்டு, மாவுக்கும் பருப்புக்கும் வரி கட்டுகிறார்களே. தங்கள் பேரில் வாங்கும் கடன் எங்கே போகிறது என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது தெரியுமா? 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு உதவித் திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் விபரம் சொல்ல வேண்டும். நான் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான்: அந்த விபரத்தைத் தமிழில் எழுதி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒட்டுங்கள். தன் கொழுந்தில் ஒரு கிலோ குறைத்து எழுதினால் அந்த இடத்திலேயே கேட்கிற பெண்கள் அவர்கள். எத்தனை அடி பைப் என்று எழுதிப் போட்டால் அளந்து பார்க்க மாட்டார்களா?

சரி, உங்கள் பணத்துக்கு வருகிறேன். பத்து தோட்டத்துக்குப் பிரித்துப் போடாதீர்கள், ஒரு பிரிவை எடுங்கள். வீடு என்றால் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த நிலம் பாதுகாப்பானது என்று எழுத்தில் தர வேண்டும். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது முன்பே எச்சரித்த இடத்தில்தான், அது மறக்கக்கூடியதா? பணத்தை மொத்தமாக அனுப்பாமல் கட்டம் கட்டமாகப் பயனாளியின் கணக்குக்கே அனுப்புங்கள். அனுப்பும் ஒவ்வொரு தடவையும் பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி வரட்டும், அதே வீட்டுக்கு வேறு யாராவது கொடுக்கிறார்களா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

சங்கக் கூட்டம் எப்போது என்று எழுது. அதற்கு முன் இரண்டு மூன்று பிரிவுகளின் விபரத்தை அனுப்பிவைக்கிறேன், நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்
லெட்சுமி