ஒரு கிருமி கிடைத்ததும் தேடல் முடிந்துவிடுகிறதா? குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழந்தைகள் நல மருத்துவர்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு என் ஒன்பது வயது மகளுக்குக் காய்ச்சலோடு தொண்டை கட்டி, கழுத்தின் இருபுறமும் நெறிகட்டி, டான்சில் மீது வெள்ளைப் படலம் படர்ந்தபோது, நாங்கள் சென்ற மருத்துவமனையில் முறைப்படி தொண்டையிலிருந்து மாதிரி எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தது, பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் தொடங்கினார்கள். அதுவரை குறை சொல்ல எதுவுமில்லை. அந்தப் பாக்டீரியாவைக் கவனியாமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வே பழுதாகலாம் என்பதை நானும் அறிவேன்.

ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண் சரியான மருந்துக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கத் தொடங்கும். இவளுக்கு நான்காம் நாளும் 102 டிகிரி இருந்தது, கண்ணிமைகள் வீங்கின, ஆறாம் நாள் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. 'பென்சிலின் ஒவ்வாமை' என்று கோப்பில் சிவப்பு மையால் எழுதி, மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் ஏன் இறங்கவில்லை என்று எவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

பத்தாம் நாள் வேறொரு மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, மண்ணீரல் பெருத்திருப்பதைக் கண்டார். இரத்தப் பரிசோதனையில் லிம்போசைட்டுகள் எனும் வெள்ளணுக்களில் உருமாறியவை மிகுந்திருந்தன. எப்ஸ்டீன்-பார் வைரஸ் அண்மையில் தொற்றியதைக் காட்டும் ஐஜிஎம் எதிர்ப்பொருளும் இருந்தது. அந்த வைரஸால் வரும் மோனோநியூக்ளியோசிஸ், சுருக்கமாக மோனோ. பாக்டீரியாவும் வைரஸும் ஒரே தொண்டையில் இருந்திருக்கின்றன. அல்லது அவள் நோயில்லாமலே அந்தப் பாக்டீரியாவைச் சுமந்து திரியும் பிள்ளைகளில் ஒருத்தியாகவும் இருந்திருக்கலாம். எப்படியாயினும், கல்ச்சர் முடிவு வைரஸை விலக்கிவிடவில்லை.

நம் நாட்டில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த வைரஸ் சிறு வயதிலேயே சத்தமில்லாமல் வந்து போய்விடுவதால், முழு உருவில் வரும் நோய் உங்கள் நினைவில் முன்வரிசையில் இல்லாமல் போவதை நான் புரிந்துகொள்கிறேன். போதாக்குறைக்கு, டெங்கு பருவத்தில் உருமாறிய லிம்போசைட்டுகள் அங்கேயும் தென்படும். ஆகவே நான் கேட்பது எல்லாக் குழந்தைக்கும் எல்லாப் பரிசோதனையும் அன்று. ஆன்டிபயாடிக் தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்காத குழந்தையின் வயிற்றை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கழுத்தின் பின்புறமும் நெறி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரத்த அணுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். மோனோ சந்தேகம் இருந்து, பாக்டீரியாவுக்கும் மருந்து தேவைப்பட்டால், அமாக்சிசிலினையும் அதற்கு நெருங்கிய ஆம்பிசிலினையும் தவிர்த்து வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். பாக்டீரியாவே இல்லாத மோனோவுக்கோ ஆன்டிபயாடிக் எதற்கும் உதவாது.

மண்ணீரல் பற்றியும் ஒரு சொல். காய்ச்சல் நின்றதும் என் மகள் பள்ளியில் கபடி ஆடப் புறப்பட்டாள். பெருத்த மண்ணீரல் அடிபட்டால், அரிதாகவேனும், கிழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோய் தொடங்கியதிலிருந்து குறைந்தது மூன்று வாரம் இத்தகைய விளையாட்டு கூடாது என்பதை அந்த இரண்டாவது மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு இன்னும் ஆறாதது அந்தச் சிவப்பு மைதான். மோனோ உள்ள குழந்தைக்கு ஆம்பிசிலின் போன்ற மருந்து கொடுத்தால் தடிப்பு வருவது 1960களிலிருந்தே மருத்துவ உலகம் அறிந்தது. பெரும்பாலும் அது வாழ்நாள் ஒவ்வாமை அன்று. ஆனாலும் அதற்குப் பிறகு நாங்கள் சென்ற கிளினிக்குகளிலெல்லாம் அந்த வரியைப் படித்துவிட்டு, பென்சிலின் வகையையே ஒதுக்கிவைத்து, வீரியம் கூடிய மருந்துகளை எழுதித் தருகிறார்கள். நாளை அவளுக்கு ருமாட்டிக் காய்ச்சலே வந்தாலும், அதை மீண்டும் வராமல் தடுக்க ஆண்டுக்கணக்கில் போட வேண்டிய ஊசி பென்சிலின்தான்.

எனவே, ஒவ்வாமை நிபுணரிடம் சோதிக்கும் வரையில், இத்தகைய குழந்தையின் கோப்பில் இப்படி எழுத வேண்டுகிறேன்: 'மோனோ இருந்தபோது அமாக்சிசிலின் கொடுத்து ஆறாம் நாள் தடிப்பு; மூச்சுத்திணறல் இல்லை; ஒவ்வாமை உறுதிப்படுத்தப்படவில்லை.'

இங்ஙனம்,
ஒரு தாய்