2024–25 ஆண்டறிக்கை: பின்பக்கம் பார்த்து வாங்கவும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். போன ஆண்டு அறிக்கை ரொம்ப நீளம் என்று பலர் குறைபட்டுக்கொண்டீர்கள். இந்த முறை சுருக்கமாக முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஸ்பீக்கர் விவகாரம் விடவில்லை.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லோரும் கூடிப் பாட்டு கேட்கும் மாதாந்திரக் கேட்பு 11 முறை நடந்தது. டிசம்பரில் பாதிப் பேர் சென்னைக்குக் கச்சேரி கேட்கப் போய்விடுவதால் அந்த மாதம் மட்டும் இல்லை. சந்தா பாக்கி யார் யார் என்பதைப் பொருளாளர் வாசிப்பார், அதில் நான் வாய் திறக்கப்போவதில்லை.

சரி, ஸ்பீக்கர். ஜூன் கூட்டத்தில் பாதிப் பாட்டில் நம் பழைய ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) புகை விட்டது ஞாபகம் இருக்கும். அதை ரிப்பேர் செய்வதற்குப் பதில் ஆம்ப் உள்ளேயே இருக்கிற ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிவிடலாம், மேசையும் காலியாகும் என்று செயற்குழு முடிவெடுத்தது. தீர்மானத்தில் ‘ஆக்டிவ் ஸ்பீக்கர்’ என்று எழுதியது நான்தான். கடையில் கொடுத்த அட்டைப்பெட்டியிலும் அப்படியே அச்சடித்திருந்தது. கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால் ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும்தான் பிளக், இன்னொன்றின் முதுகில் சிவப்பும் கறுப்புமாக இரண்டே முனை. ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கும் நம் உறுப்பினர் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில், “அண்ணே, இது பவர்டு, ஆக்டிவ் இல்லை” என்றார். கரண்டில் ஓடுவதற்கு வேறென்ன பெயர் என்று நான் சண்டைக்கே போனேன். அவர் சொன்னதுதான் சரி என்று இங்கே பதிவு செய்கிறேன், இனிமேல் டீக்கடையில் வைத்து இதைக் கேட்கவேண்டாம்.

பெட்டிக்குள் வூஃபர், ட்வீட்டர் என்று இரண்டு இருந்தால் தாழ்ந்த சுருதி ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த சுருதி ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்துவிட ஒரு கிராஸ்ஓவர் வேண்டும். நம் பழைய செட்டில் ஆம்ப் வெளியே இருந்தது, அது பெருக்கி அனுப்பியதைப் பெட்டிக்குள் இருக்கும் காயிலும் கெப்பாசிட்டரும் பிரித்தன. பவர்டு என்றால் அதே ஆம்பைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பிரிப்பது இன்னமும் ஆம்புக்குப் பின்னால்தான். ஆக்டிவில் சிக்னல் சின்னதாக இருக்கும்போதே பிரித்துவிட்டு, வூஃபருக்குத் தனி ஆம்ப், ட்வீட்டருக்குத் தனி ஆம்ப் கொடுக்கிறார்கள். தோட்டம் வைத்திருக்கும் நம் துணைத்தலைவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: ஒரே மோட்டாரில் இறைத்து மடை கட்டிப் பிரிப்பது பவர்டு, வயலுக்கு வயல் தனி மோட்டார் போடுவது ஆக்டிவ். ஆக, ஆக்டிவ் எல்லாம் பவர்டுதான், பவர்டு எல்லாம் ஆக்டிவ் இல்லை.

இதனால் என்ன லாபம் என்று கேட்டீர்கள். எட்டு ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) என்று எழுதியிருக்கும் வூஃபர் எல்லாச் சுருதிக்கும் எட்டு ஓமாக நிற்பதில்லை, ஏறி இறங்கும், அதற்கெல்லாம் ஈடுகொடுத்துத்தான் காயிலையும் கெப்பாசிட்டரையும் கணக்குப் போடவேண்டும். அதோடு ஆம்புக்கும் வூஃபருக்கும் நடுவே காயில் இருந்தால் அதன் கம்பிக்கும் ஒரு தடை உண்டு, வூஃபர் மேல் ஆம்பின் பிடி கொஞ்சம் தளர்கிறது. ஆக்டிவில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்டுடியோக்காரர்கள் இதை எப்போதோ பிடித்துக்கொண்டார்கள். ஃபின்லாந்தின் ஜெனெலெக் கம்பெனி 1978இல் கொண்டுவந்த எஸ்30 மூன்று ஆம்ப் வைத்த ஆக்டிவ் ஸ்பீக்கர்தான்.

செப்டம்பர் கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர் தன் யமஹா எச்எஸ்5 ஆக்டிவ் ஸ்பீக்கர் ஜோடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் வூஃபருக்கு 45 வாட்ஸ், ட்வீட்டருக்கு 25 வாட்ஸ், இரண்டு பெட்டிக்கும் தனித்தனி பிளக். வேட்டியைத் திரையாகக் கட்டி, ஒரே தனி ஆவர்த்தனத்தை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டோம். மெதுவாக வைத்துக் கேட்டபோது எது எதென்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை (சொன்னவர்கள் தப்பாகச் சொன்னார்கள்). சத்தத்தைக் கூட்டியதும்தான் நாம் வாங்கியதில் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) குழைந்து பரவியது, யமஹாவில் தட்டு தட்டாக நின்றது. இது ஆக்டிவ் என்பதால் மட்டும் வந்ததா, நல்ல வூஃபர், நல்ல பெட்டி என்பதாலா என்று கேட்டால், எல்லாம் சேர்ந்துதான் என்பேன். மட்டமான ஆக்டிவை விட ஒழுங்காகச் செய்த பவர்டு எவ்வளவோ மேல்.

யமஹாவையும் சும்மா புகழ முடியாது. நம் டிஏசியில் (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) இருப்பது ஆர்சிஏ சொருகி, யமஹாவில் எக்ஸ்எல்ஆர், டிஆர்எஸ் என்ற வேறு வகைச் சொருகிகள்தான், கேபிளுக்கு அலைந்தோம். இரண்டு பிளக்கையும் வேறு வேறு சுவரில் சொருகியதில் ஹம் என்ற இரைச்சல் வந்தது, ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றியதும் நின்றது. சுவரை ஒட்டி வைத்ததால் பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) வீங்கியது, அதைக் குறைக்கும் பின்பக்க ரூம் கண்ட்ரோலை மைனஸ் 2க்குத் தள்ளினோம்.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. அக்டோபரில் உறுப்பினர் ஒருவர் தன் வீட்டு ஆம்பின் ஸ்பீக்கர் வயரை, சத்தம் இன்னும் கூடட்டும் என்று, நம் பவர்டு பெட்டியின் சிவப்பு கறுப்பு முனையில் முறுக்கிக்கொண்டிருந்தார். பிளக் உள்ள பெட்டியில் அந்த முனை உள்ளே இருக்கும் ஆம்பின் வெளிவாசல். அங்கே இன்னொரு ஆம்பைக் கோர்த்தால் இரண்டும் போய்விடும். நல்லவேளை, ஸ்விட்ச் போடும் முன் பார்த்துவிட்டோம்.

வாங்கப் போகிறவர்கள் அட்டையை நம்பாமல் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே வெறும் இரட்டை வயர் என்றால் பெரும்பாலும் பவர்டுதான். நாலைந்து பின் உள்ள கேபிள் என்றால், எல்லா ஆம்பையும் ஒரே பெட்டியில் வைத்த ஆக்டிவாகவும் இருக்கலாம். வாட்ஸ் விவரத்தில் வூஃபருக்கு இவ்வளவு, ட்வீட்டருக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் நல்ல அடையாளம். ஆனால் உள்ளே ஆம்ப் போனால் ஸ்பீக்கரே மூலையில் உட்கார்ந்துவிடும், ஊரில் சர்வீஸ் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். பிப்ரவரி செயற்குழுவில் எச்எஸ்5 ஒரு ஜோடி வாங்க ஒப்புதல் கிடைத்தது, மார்ச் முதல் அதில்தான் கேட்கிறோம். பழைய பவர்டு ஜோடி அலமாரியில் இருக்கிறது, படுக்கையறைக்கும் கம்ப்யூட்டருக்கும் தாராளமாகப் போதும். வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் விலை கேட்கலாம். வயரும் ரிமோட்டும் சேர்த்தே தருகிறோம், ரிமோட்டுக்கு பேட்டரி மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

செயலாளர்