தோப்பூர் லேப் தம்பிக்கு

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு போன வெள்ளிக்கிழமையோடு டிபி (காசநோய்) மாத்திரை முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட்டும் வந்துவிட்டது. இந்த ஆறு மாதம் நாங்கள் பட்டது உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

வீடு தேடி வந்த நர்ஸ் அக்கா, தினமும் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அத்தை, பாதி வாடகைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரர், வீட்டைக் காலி பண்ணச் சொல்லாத ஓனர் அம்மா, எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அப்புறம், மதுரைப் பக்கம் தோப்பூர் ஆஸ்பத்திரி லேப்பில், பரிசோதனைக்குச் சளி டப்பா வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த தம்பி. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் மதியம் தூக்குச்சட்டியோடு மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார். எட்டாவது படிக்கிற என் மகள் நேரே அவரிடம் போய், "அண்ணே, அப்பா கையில தடுப்பூசித் தழும்பு இருக்கே, பெறகு எப்படி டிபி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டாள். என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பதில் தெரியாமல் அதட்டியிருக்கிறேன்.

அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு சட்டைக் கையைச் சுருட்டினார். அதே இடத்தில் அதே தழும்பு. "எனக்கும் இருக்கு பாப்பா. ஆனா மாஸ்க் போடாம உள்ள போக மாட்டேன்." இந்தத் தழும்பு பி.சி.ஜி. என்ற டிபி தடுப்பூசி போட்டதாம். 1921இல் வந்த அந்த ஊசி, குழந்தைகளை மூளைக் காசத்திலிருந்து காப்பாற்றுமாம். பெரியவர்களின் நுரையீரலுக்கு அது போதாது என்பது நம் செங்கல்பட்டுப் பக்கம் 1968இல் தொடங்கி, 15 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்விலேயே தெரிந்துவிட்டதாம். இப்போது எம்72 என்று ஒரு புது டிபி தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். உடம்பில் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு மாத இடைவெளியில் இரண்டு முறை போட்டுப் பார்த்ததில், நோய் வந்தவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறார்கள். அதை உறுதிப்படுத்த 20,000 பேர் வரை சேர்க்கும் பெரிய ஆய்வு 2024இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியிருக்கிறது என்றார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அப்ப எங்கப்பா தப்பு ஒண்ணும் பண்ணலையா?" என்றாள். அத்தனை நாளும் பிள்ளை மனசுக்குள் இதுதான் கிடந்திருக்கிறது.

"ஒண்ணுமே பண்ணல பாப்பா."

அன்று ராத்திரி அவள் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அப்படி ஒரு தடுப்பூசி ஆய்வு மதுரைப் பக்கம் வந்து, என்னைச் சேர்க்கலாம் என்று டாக்டர் சொன்னால், கட்டாயம் கை நீட்டுவேன்.

தம்பி, அன்று நீங்கள் சாப்பிடுவதற்குள் உங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், சாப்பாடு அப்படியே இருந்தது. அடுத்த வாரம் நாங்கள் மூன்று பேரும் சோறு கட்டிக்கொண்டு வருகிறோம்.