லேப் வேஸ்ட் பிக்கப் பத்தி புகார்: நாங்க பிரிச்சு வைக்கிறோம், நீங்க ஒண்ணா கலக்கறீங்க

கஸ்டமர் சர்வீஸ் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். போன் பண்ணா "நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்"னு சொல்லி வச்சிடறாங்க, அதனால எழுத்துலயே போடறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. சென்னையில ஒரு காலேஜோட கெமிஸ்ட்ரி ரிசர்ச் லேப்ல வேஸ்ட் பொறுப்பு என்கிட்ட இருக்கு. வருஷ ஒப்பந்தம் போட்டு உங்ககிட்டதான் குடுக்கறோம், அட்வான்ஸும் கட்டியாச்சு.

போன பிக்கப்ல நடந்ததுதான் முதல் விஷயம். எங்க லேப்ல குளோரோஃபார்ம், டிசிஎம் (டைகுளோரோமீத்தேன்) மாதிரி ஹாலஜன், அதாவது குளோரின் வகையறா இருக்கற சால்வென்ட்டுக்கு (கரைப்பானுக்கு) தனி கேன், ஹெக்சேன் ஈத்தைல் அசிடேட் அசிட்டோனுக்கு தனி கேன், ஆசிட் தனி, காரம் தனி. இப்படி பிரிச்சு வைக்க பசங்களை பழக்கறதுக்குள்ள எனக்கு தொண்டையே போயிடுச்சு, காலம் க்ரோமடோகிராஃபி (கண்ணாடிக் குழாயில சால்வென்ட் ஊத்தி கலவையைப் பிரிக்கற வேலை) முடிச்ச அசதியில எந்த கேன் பக்கத்துல இருக்கோ அதுல ஊத்திட்டு போற வயசு அது. இவ்ளோ பண்ணி வச்சா உங்க வண்டியில வந்த ஆள் ஒரு பிளாஸ்டிக் புனலை எடுத்து நீல டிரம் ஒண்ணுல வரிசையா எல்லா கேனையும் கவுக்கறார். மாஸ்க் இல்ல, கைல இருந்தது வீட்டுல பாத்திரம் தேய்க்கற ரப்பர் கிளவுஸ். ஹாலஜன் கேனும் அசிட்டோன் கேனும் உள்ள போயாச்சு, அடுத்து நைட்ரிக் ஆசிட் கேனோட மூடியை திறக்கறார், எங்க அட்டெண்டர் அண்ணன் ஓடிப்போய் கையப் புடிச்சு நிறுத்தினார். "என்னண்ணே, எல்லாம் எரிக்கத்தானே போறாங்க"ங்கறார் உங்க ஆள். அவர் மேல எனக்கு கோவம் இல்ல சார், அவருக்கு யாரும் சொல்லித் தரல, அது உங்க தப்பு.

நைட்ரிக் ஆசிட்டும் அசிட்டோனும் மூடின டிரம்ல சேர்ந்தா என்ன ஆகும்னு உங்க கம்பெனியில ஒரு கெமிஸ்ட்டாவது இருந்தா அவர்கிட்ட கேளுங்க. சூடாகி கேஸ் கிளம்பும், டிரம் உப்பும், சில சமயம் உடனே தெரியாது, வண்டி கிளம்பி நல்ல வெயில்ல ட்ராஃபிக்ல நிக்கும்போது வெடிக்கும். குளோரோஃபார்மும் அசிட்டோனும் பார்க்க சாதுவா இருக்கும், அதுல கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விழுந்தா போதும், கொதிச்சு வெடிச்சிடும், காரக் கேனும் அதே வண்டியிலதான் ஏறப் போகுது. வண்டியை ஓட்டறதும் அதே ஆள்தான்.

காசு விஷயத்துக்கு வரேன். இன்வாய்ஸ்ல ஹாலஜன் வேஸ்ட்டுக்கு கிலோவுக்கு ஒரு ரேட்டு, சாதா சால்வென்ட்டுக்கு அதைவிட கம்மியா ஒரு ரேட்டுன்னு தனித்தனியா போட்டு அழகா வாங்கறீங்க. குளோரின் இல்லாத சால்வென்ட்டை சிமென்ட் சூளையில எரிபொருளா போடலாம், சுத்தமா இருந்தா காய்ச்சி வடிச்சு திரும்பவும் யூஸ் பண்ணலாம். குளோரின் கலந்துட்டா சூளைக்காரங்க தொட மாட்டாங்க, உள்ள உப்பு படிஞ்சு அடைச்சுக்கும், அப்புறம் மொத்தமும் இன்சினரேட்டருக்குத்தான் (வேஸ்ட் எரிக்கற உலைக்கு) போகணும், அங்கயும் சூடு கம்மியா இருந்தா டயாக்சின்ங்கற விஷம் வரும். திரும்ப யூஸ் பண்ற சரக்கையும் கெடுத்துட்டு பிரிச்சதுக்கும் எங்ககிட்ட காசு வாங்கறது என்ன நியாயம்?

ரெண்டாவது, நீலக் காப்பி. அபாயக் கழிவு பத்தின 2016 விதிகள்படி ஃபார்ம் 10 மேனிஃபெஸ்ட், அதாவது வேஸ்ட் கூடவே போற சீட்டு, ஏழு காப்பி, ஒவ்வொண்ணும் ஒரு கலர். வண்டிக்காரர் கையெழுத்து போட்ட மஞ்சள் காப்பி எங்ககிட்ட இருக்கும், சரக்கு போய் சேர்ந்ததும் அங்க வாங்கினவங்க கையெழுத்து போட்டு நீலக் காப்பி எங்களுக்கு திரும்பி வரணும். என் ஃபைல்ல மஞ்சளா இருக்கு, நீலம் ஒண்ணுகூட இல்ல. கேட்டா "கும்மிடிப்பூண்டி போயிடுச்சு மேடம், பேப்பர் அப்புறம் வரும்"னு அங்க இருக்கற அபாயக் கழிவு மையத்தை சொல்றாங்க. போயிருந்தா பேப்பர் ஏன் வரல? வேஸ்ட்டால யாருக்காவது பாதிப்பு வந்தா அதை உண்டாக்கினவங்களும் பொறுப்புன்னு அதே விதியில இருக்கு, அதாவது உங்க வண்டி அதை எங்கயோ ஏரிக்கரையில கொட்டினாலும் நோட்டீஸ் எங்க பிரின்சிபால் டேபிளுக்கு வரும். பிக்கப் தள்ளித்தள்ளி வர்றதால 90 நாளுக்கு மேல வேஸ்ட் இங்கயே கிடக்குது, அந்தக் கெடுவும் எங்க தலையிலதான் விடியும்.

லேபிள் பத்தியும் சொல்லிடறேன். நீங்க குடுக்கற லேபிள் சாதா பேப்பர்ல இங்க்ஜெட் பிரிண்ட். கேன் வாயில ஒரு சொட்டு அசிட்டோன் வழிஞ்சா எழுத்து கரைஞ்சு ஓடிடுது, அப்புறம் உள்ள என்ன இருக்குன்னு மோந்து பாத்தா கண்டுபிடிக்கறது? பளிச்சுன்னு மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, தமிழ்லயும் இருக்கணும், தண்ணி பட்டாலும் அழியக்கூடாதுன்னு தெளிவா அதே விதிகளோட ஃபார்ம் 8ல சொல்லியிருக்கு.

இப்போ பாட்டில். எனக்கு தூக்கம் போனது இதுலதான். 2.5 லிட்டர் பிரவுன் கண்ணாடி பாட்டில், காலியானதை நாங்க மூணு தடவை கழுவி, அந்தத் தண்ணியையும் வேஸ்ட் கேன்ல ஊத்தி, ஃப்யூம் ஹுட்ல (புகையை வெளிய இழுக்கற கூண்டுல) காயவச்சு குடுக்கறோம். அதை உடைச்சு கண்ணாடி ஃபேக்டரிக்கு அனுப்பறோம்னு உங்க ஒப்பந்தத்துல இருக்கு. பீக்கர், ஃப்ளாஸ்க் எல்லாம் போரோசிலிகேட், சாதா கண்ணாடியோட உருகாது, அதை தனியா குடுங்கன்னு உங்க ஆளே சொன்னார், சந்தோஷமா பிரிச்சோம். பார்த்தா எங்க அட்டெண்டர் அண்ணன் வீட்டுப்பக்கம் ஒரு காயலான் கடை வாசல்ல அந்த பிரவுன் பாட்டிலையெல்லாம் முழுசா, உடையாம, மூடியோட அடுக்கி வச்சிருக்காங்க. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினார். ஒரு பாட்டில்ல எங்க ஸ்காலர் பொண்ணு நீல மார்க்கர்ல எழுதின "டிசிஎம் மெத்தனால், குடிக்கற தண்ணி இல்ல" அப்படியே இருக்கு, அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கடைக்காரர்கிட்ட விசாரிச்சா, ஃபினாயில் விக்கறவங்க, டாய்லெட் ஆசிட் விக்கறவங்க வாங்கிட்டு போவாங்களாம், நல்ல கனமான பாட்டில்னு எண்ணெய் ஊத்தி வைக்கவும் கேக்கறாங்களாம். எண்ணெய்! நாங்க கழுவினது சரி, எல்லா லேபும் கழுவுமா? சயனைடு வச்சிருந்த பாட்டில் எது, ஆசிட் வச்சிருந்தது எதுன்னு கடைக்காரருக்கு எப்படி தெரியும்?

2010ல டெல்லி யுனிவர்சிட்டி கெமிஸ்ட்ரி லேப்ல சும்மா கிடந்த காமா இர்ரேடியேட்டரை (கதிர்வீச்சு மெஷினை) ஏலத்துல வித்து, அது மாயாபுரி ஸ்கிராப் மார்க்கெட்ல உடைபட்டு, உள்ள இருந்த கோபால்ட் 60 கதிர்வீச்சுல ஒரு தொழிலாளி இறந்தே போனார். அது வேற லெவல் ஆபத்துதான், பாட்டிலோட ஒப்பிடல, ஆனா லேபுக்கும் காயலான் கடைக்கும் நடுவுல யாரும் சரியா பார்க்கலங்கறது ரெண்டுலயும் ஒண்ணுதான். அந்த நடுவுல பார்க்கறதுக்குத்தான் உங்களுக்கு காசு குடுக்கறோம்.

இன்னொண்ணு, உங்க மார்க்கெட்டிங் பையன் வந்து பயோ லேப் வேஸ்ட்டையும் இதே வண்டியில எடுத்துக்கறோம், ஒரே பில்லா போட்டுக்கலாம்னு கேட்டுட்டு போனார். அதுக்கு தனி அனுமதி, தனி வண்டி, பார்கோடு எல்லாம் இருக்கு. முதல்ல இதை ஒழுங்கா பண்ணுங்க.

எனக்கு வேண்டியது இதுதான். இதுவரைக்கும் எடுத்துட்டு போன எல்லாத்துக்கும் நீலக் காப்பி வேணும், இல்லன்னா சரக்கு எங்க போச்சுன்னு எழுத்துல பதில் வேணும். கலந்த லோடுக்கு வாங்கின கூடுதல் ரேட்டை அடுத்த பில்லுல கழிக்கணும். அந்தக் கடையில இருக்கற பாட்டிலை நீங்களே திரும்ப வாங்கி உடைச்சு, போட்டோ அனுப்பணும், கடைக்காரருக்கு நஷ்டம் வராம பார்த்துக்கங்க, அவர் காசு குடுத்துதான் வாங்கியிருக்கார். இனிமே எங்க கேம்பஸ்ல ஊத்தி மாத்தற வேலையே கூடாது, கேனுக்கு கேன் மாத்திக் குடுங்க, வர்ற ஆளுக்கு சரியான கிளவுஸும் மாஸ்க்கும் குடுத்து அனுப்புங்க.

பதினஞ்சு நாள் பார்ப்பேன். அதுக்குள்ள பதில் வரலன்னா இதே லெட்டரை போட்டோவோட மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பிடுவேன், பிரின்சிபால்கிட்ட சொல்லியாச்சு. ஊத்தற புனலோட அடுத்த வண்டி வந்தா செக்யூரிட்டி கேட்லயே திருப்பி அனுப்பிடுவார்.

இப்படிக்கு,
லேப் வேஸ்ட் பொறுப்பாளர்,
கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்

இணைப்பு: கடை வாசல் போட்டோ, மஞ்சள் காப்பிகளோட நகல், போன பில்