பிரெஞ்சுச் சிற்றூர்களைப் பற்றி எழுதும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

உன் குறிப்புகளில் ஊர்ப்பெயர், பரப்பளவு, மக்கள்தொகை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். அந்த எண்ணில் யார் யார் சேர்த்தி, எந்த ஆண்டு எண்ணினார்கள் என்று தெரியாவிட்டால் அந்த வரியால் பயனில்லை.

முதலில் ஊரைச் சரியாகப் பிடி. ஜிரோந்து மாவட்டத்தில் காஸ்டல்மொரோன்-தால்ப்ரே இருக்கிறது. பக்கத்து லோ-எ-கரோன் மாவட்டத்தில் காஸ்டல்மொரோன்-சூர்-லோ இருக்கிறது. இரண்டும் வேறு வேறு ஊர். அஞ்சல் எண்ணை நம்பாதே, பல ஊர்களுக்கு ஒரே எண் வரும். புள்ளியியல் நிறுவனமான இன்சே தரும் ஐந்திலக்க எண்ணைக் குறித்துக்கொள். அதன் முதல் இரண்டு இலக்கம் மாவட்டம்: முன்னதற்கு 33, பின்னதற்கு 47.

காஸ்டல்மொரோன்-தால்ப்ரே பாறைமேட்டில் அமைந்த பழைய கோட்டை ஊர். பரப்பளவு 3.54 ஹெக்டேர்தான், ஒன்பது ஏக்கர்கூடத் தேறாது. பிரான்சிலேயே மிகச் சிறிய கம்யூன் (நம் ஊராட்சி போன்ற, மேயர் உள்ள அடிமட்ட நிர்வாகப் பிரிவு) இதுதான். இங்கே 50 பேர் இருந்தாலே சதுர கிலோமீட்டருக்கு 1400 பேர் என்று கணக்கு வந்துவிடும். அதை வைத்து "நெரிசலான ஊர்" என்று எழுதினால் தவறு. கம்யூனின் எல்லை வீடுகளோடு நின்றுவிடுகிறது, வயல்கள் பக்கத்து ஊர்க் கணக்கில் போகின்றன, அவ்வளவுதான். இதற்கு நேரெதிர் துரோம் மாவட்டத்து ரோஷ்ஃபூர்ஷா. ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டர் மலைநிலம், கணக்கெடுப்பில் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர். அதற்கும் மேயர் உண்டு!

பரப்பளவைப் பார்க்கும்போது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏரிகளும் பனியாறுகளும் அதில் சேராது என்பதை மறக்காதே. மலையூர் என்றால் மிகத் தாழ்ந்த உயரத்தையும் மிக உயர்ந்த உயரத்தையும் கூட்டிச் சராசரி போடாதே. சிகரத்தில் யாரும் குடியிருப்பதில்லை.

மக்கள்தொகையில்தான் அதிகம் சறுக்குவார்கள். 10,000 பேருக்குக் குறைந்த கம்யூன்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் வீடுவீடாக எண்ணுகிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளின் எண்கள் மதிப்பீடு. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த எண் 2020ஆம் ஆண்டைக் குறிப்பது. 2021இல் நடக்க வேண்டிய எண்ணிக்கை கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது. ஆகவே ஐந்தாண்டு இடைவெளியாவது விட்டு ஒப்பிடு. நாற்பது பேர் உள்ள ஊரில் ஒரு குடும்பம் கிளம்பினாலே பத்து விழுக்காடு குறைந்துவிடும். அதைச் "சரிவு" என்று எழுதாதே.

எண்ணிலும் இரண்டு வகை உண்டு. அந்த ஊரிலேயே வழக்கமாக வசிப்பவர்களை எண்ணுவது ஒன்று. வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் போன்றோரையும் சேர்த்த மொத்தம் இன்னொன்று. ஊர்களைக் கூட்டும்போது முன்னதையே எடு, பின்னதை எடுத்தால் ஒரே ஆள் இரண்டு முறை வருவார். விடுமுறை வீட்டுக்காரர்கள் இரண்டிலும் வரமாட்டார்கள். ஆகஸ்டில் ஊர் நிறைந்திருக்கும், எண்ணுவதோ ஜனவரி, பிப்ரவரியில்.

எண் திடீரென்று எகிறினால் பக்கத்து ஊர்களோடு இணைத்துப் புதுக் கம்யூன் ஆக்கினார்களா என்று பார்.

கடைசியாக, வெர்தன் அருகே ஆறு கம்யூன்களுக்கு மக்கள்தொகை 0 என்று இருக்கும். முதல் உலகப் போரில், 1916இல் அங்கே நடந்த சண்டையில் அழிந்து, மீண்டும் கட்டப்படாத ஊர்கள் அவை. நினைவுக்காக இன்றும் கம்யூன்களாகவே வைத்திருக்கிறார்கள். தேர்தல் கிடையாது, மேயரை அரசு நியமிக்கிறது. அந்தப் பூஜ்யத்தை விடுபட்ட தகவல் என்று நினைத்து நீக்கிவிடாதே, தம்பி.

அன்புடன்,
அண்ணன்